பதினோரு நிமிடப் படகு

அத்தியாயம் 17

ஒரு வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் இருந்தால் மூன்றாவது ஆளுக்குத்தான் தொண்டை வறண்டுபோகும். லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் ஒன்பது நாளாக அதுதான் நடந்துகொண்டிருந்தது.

"உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க, குளிச்சா குழாயை இறுக்கி மூடணும்னு," என்றாள் மனைவி. அந்த மச்சான் அவளுக்கு இரண்டடி தள்ளி, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு நின்றிருந்தான்.

"அக்காகிட்ட சொல்லுங்க மாமா, வாஷர் தேய்ஞ்சு போச்சு. எவ்வளவு இறுக்கினாலும் சொட்டத்தான் செய்யும்."

இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் மாதிரி மெக்கானிக் நடுவில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய் வாஷரை மாற்றிவிட்டு வந்தார். அவருக்குத் தெரிந்த சமாதான முயற்சி அவ்வளவுதான்.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இந்தச் சண்டையின் ஊற்றுக்கண் தெரியும். இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்களுக்காக நாலு வரி.

மனைவிக்கு வீடியோ கேம் உருவாக்கும் நிறுவனத்தில் வேலை. இருநூறு பேர் ஐந்து வருடம் பாடுபட்டு 'ஏழு கரை' என்று ஒரு கேமைச் செய்திருந்தார்கள். ஆடுகிறவர் வழிப்போக்கனாக வேடம் பூண்டு, ஏழு ஆறுகள் ஓடும் பெரிய நாடு ஒன்றில் இஷ்டம்போல் சுற்றலாம். யாரோடும் கூட்டுச் சேரலாம், யாரையும் பகைத்துக்கொள்ளலாம், எதுவும் செய்யாமல் மரத்தடியில் காலை நீட்டிப் படுத்தும் கிடக்கலாம். அந்த நாட்டின் ஆறுகளும் படகுகளும் அவள் பொறுப்பு.

கேம் வெளிவந்து ஆறு வாரம் ஆகிறது. ஆடியவர்களில் பாதிப் பேர் கொதித்துப்போயிருந்தார்கள்.

அவள் தம்பியை உலகமே 'கடுகு' என்றுதான் கூப்பிடும். ஆள் சிறிசு, காரம் பெரிசு. அம்மா அப்பா போன பிறகு பன்னிரண்டு வயதிலிருந்து அக்காதான் அவனை வளர்த்தாள். இப்போது இருபத்தேழு வயதில், கேம்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பேசும் வீடியோக்கள்தான் அவன் பிழைப்பு. 'ஏழு கரை'யை ஒரு மாதம் முழுதாக ஆடி முடித்துவிட்டு, ஒன்பது நாளைக்கு முன் ஒரு வீடியோ போட்டான். தலைப்பு: 'ஏழு கரை, எழுபது குறை.'

முதல் வாக்கியமே இப்படித்தான் ஆரம்பித்தது: "இது என் சொந்த அக்கா வேலை செஞ்ச கேம். அதனால கொஞ்சம் கூடுதலாவே கறாரா இருக்கப் போறேன்."

பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அக்கா தலைப்பைப் பார்த்தாள். அன்றிலிருந்து பேச்சு நின்றது.

இன்று காலை அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "இன்னிக்கு ஆறு மணிக்கு மீட்டிங். படகை எடுத்துடப் போறாங்க."

மெக்கானிக் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எந்தப் படகு?"

"நாலாவது ஆத்துல வருமே. பதினோரு நிமிஷப் படகு. கேம்லயே ஜனங்க அதிகமா திட்டறது அதைத்தான். எடுத்துட்டா கொஞ்சம் அடங்குவாங்கன்னு மேல நினைக்கிறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்றது? அதைக் காப்பாத்த எனக்குக் காரணம் சொல்லத் தெரியல. அழகா இருக்குன்னு சொன்னா சிரிப்பாங்க." கதவைத் திறந்தவள் திரும்பினாள். "மத்தியானம் பசிக்காது. டப்பா வேண்டாம்."

வெண்ணெய் தடவிய ரொட்டி கடுகின் கையிலேயே இருந்தது. அக்கா போன வாசலையே பார்த்தான். பிறகு ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டான்.

அன்று மெக்கானிக்குக் கிடைத்த முதல் புகார், பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில். கதவு மூடுவதும் திறப்பதுமாக லிஃப்ட் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. கூடியிருந்தவர்கள் அவரைப் பார்த்ததும் ஆளுக்கொரு வார்த்தை விட்டார்கள்.

"இந்த லிஃப்ட் எப்பவுமே இப்படித்தான் சார்."

"வர்றீங்க, தட்டிட்டுப் போறீங்க, ஒண்ணும் ஆகறதில்ல."

காவலாளியின் மேசையில் இருந்த புகார் நோட்டைப் புரட்டினார். இதற்கு முன் புகார் எழுதிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. நோட்டை மூடி வைத்தார். கதவின் விளிம்பில் இருந்த சென்சார் கண்ணில் படிந்த தூசியைத் துணியால் துடைத்தார். கதவு சாதுவாக மூடிக்கொண்டது. கூட்டம் ஏறி மறைந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருட வேலையில் அதற்கெல்லாம் வருத்தப்பட்டுக் கட்டுப்படியாகாது.

மத்தியானம் மெஷின் அறைக்கு வெளியே, மொட்டைமாடி நிழலில் வலது காலை நீட்டி உட்கார்ந்தார். இரண்டு வருடத்துக்கு முன் நடந்த விபத்துக்குப் பிறகு அந்தக் கால் முழுதாக மடங்காது. செல்போனில் கடுகின் வீடியோவை எடுத்துக் கீழே இருந்த கமெண்டுகளைப் படித்தார்.

படகைப் பற்றி மட்டும் நாலாயிரம் இருந்தன. ஏறினால் இறங்க முடியாது. தாண்டிப் போக வழி இல்லை. படகுக்காரி பேசிக்கொண்டே இருப்பாள். ஆடுகிறவர் பதில் சொல்ல ஒரு பொத்தான்கூடக் கிடையாது. 'கரை வந்துடுச்சு, கரை வந்துடுச்சு' என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்வதை வைத்து ஊரே கேலி செய்துகொண்டிருந்தது. பஸ் தாமதமானால் 'கரை வந்துடுச்சு' என்கிறார்கள். கடைசி கமெண்டில் ஒருவர் எழுதியிருந்தார்: 'இந்தப் படகைச் செஞ்சவ கையை உடைக்கணும்.'

அதற்கு எண்ணூறு லைக்.

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு மச்சானுக்குப் போன் போட்டார்.

"கடுகு, இன்னிக்கு உன்னோட லைவ் இருக்குல்ல?"

"நாலு மணிக்கு மாமா. ஏன்?"

"நான் வந்து பேசணும்."

"மாமா, அங்க இருபதாயிரம் பேர் உட்கார்ந்திருப்பாங்க. கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. உங்களுக்கு ஏன் இந்த வம்பு?"

"தொங்கறது எனக்குப் புதுசா? இருபத்திரண்டு வருஷமா கயித்துலதான் தொங்கறேன்."

கடுகு சிரித்துவிட்டான். உடனே குரல் மாறியது. "நீங்க வீட்டு ஆளுன்னு நான் விட்டுக் கொடுத்துப் பேச மாட்டேன். குறுக்குக் கேள்வி கேட்பேன்."

"கேளு. அதுக்குத்தானே வர்றேன்."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடுகின் அறையில் போய் உட்கார்ந்தார். எதிரொலி கேட்காமல் இருக்கச் சுவரில் பழைய மெத்தை உறை ஆணியடித்துத் தொங்கியது. முகத்துக்கு நேரே வளையம் போன்ற விளக்கு. கடுகு எதையோ யோசித்தபடி செல்போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தான். பிறகு பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மைக்கை மாமாவின் பக்கம் திருப்பினான்.

"வணக்கம் மக்களே. இன்னிக்கு என்னோட கட்சி இல்லாத ஒருத்தர் வந்திருக்கார். 'ஏழு கரை' நல்ல கேம்னு சொல்றார். என் அக்கா வீட்டுக்காரர்தான், அதையும் மறைக்கல. பேசுங்க மாமா."

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "வணக்கம். நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். கேம் பத்தி எனக்கு அதிகம் தெரியாது. வாழ்க்கையில ஆடினது இது ஒண்ணுதான். முப்பத்தொரு மணி நேரம்."

கடுகு திரும்பினான். "எப்ப ஆடினீங்க?"

"நீ சாயந்தரம் வெளியே போறப்ப. உன்னோட பழைய கம்ப்யூட்டர்ல. அரை மணி, ஒரு மணின்னு."

ஓரத்தில் கமெண்டுகள் மழைத்தண்ணீர் மாதிரி ஓடத் தொடங்கின. 'யாரு இந்த லிஃப்ட் அங்கிள்?' 'மேல போகுமா கீழ போகுமா?' 'வீட்டுச் சாப்பாட்டுக்கு ஜால்ரா.'

"முதல்ல குறையெல்லாம் சொல்லிடறேன்," என்றார் மெக்கானிக். "குதிரை தரையில புதைஞ்சு போகுது. என் குதிரையும் புதைஞ்சுது. தலை மட்டும் வெளியே தெரிஞ்சுது, பாவம், அப்பவும் புல்லு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சேவ் பண்ணி வச்ச ஆட்டம் அழிஞ்சு போகுது. எனக்கு ரெண்டு தடவை போச்சு. இதெல்லாம் தப்பு. சரி பண்ணித்தான் ஆகணும். இதுக்கு நான் சப்பைக்கட்டுக் கட்ட வரல."

"ஊர்ல இருக்கிற ஆளுங்க எல்லாரும் ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்றாங்களே?"

"எங்க ஆபீஸ் காவலாளி ஒன்பது வருஷமா என்னைப் பார்த்ததும் 'என்ன சார், கரண்ட் இருக்கா?'ன்னுதான் கேட்கிறார். நான் யார்கிட்டயும் புகார் பண்ணலையே."

கமெண்டுகளில் சிரிப்பு பொங்கியது. கடுகு சிரிக்கவில்லை. "மாமா, இது சமாளிப்பு. முழு விலை கொடுத்து வாங்கியிருக்காங்க. அரை வேக்காடா இருந்தா கேட்கக் கூடாதா?"

"கேட்கணும். லிஃப்ட் நின்னா என்னைத்தான் கேட்கணும். ஏன்டா நின்னுச்சுன்னு சட்டையைப் பிடிச்சுக்கூடக் கேட்கலாம். ஆனா 'செஞ்சவ கையை உடைக்கணும்'னு ஒருத்தர் எழுதியிருக்கார். அவருக்கு ஒண்ணு சொல்லணும். அப்படி எழுதினா, அடுத்த தடவை நான் நடுங்கற கையோடதான் நட்டு முறுக்குவேன். அதுல ஏறப் போறதும் நீங்கதான்."

அவர் மைக்கைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"நான் எதைப் பார்த்தாலும் அடியில போய்ப் பார்க்கிறவன். தொழில் அப்படி. இந்தக் கேம்ல மூணாவது ஆத்துல ஒரு மரப்பாலம் இருக்கு. எல்லாரும் மேல குதிரையில போயிடுவாங்க. நான் ஆத்துல இறங்கி அடியில போய்ப் பார்த்தேன். பலகைக்குப் பலகை ஆணி அடிச்சு, ஆணியில துரு ஏறி, ஒரு இடத்துல பலகை உடைஞ்சு வேற மரத்தால ஒட்டுப் போட்டிருக்காங்க. யாரும் பார்க்கப் போறதில்லன்னு தெரிஞ்சே ஒருத்தர் உட்கார்ந்து அதைச் செஞ்சிருக்கார். அவர் யாருன்னு எனக்குத் தெரியாது. அவருக்கு ஒரு நன்றி சொல்லிக்கிறேன். பார்த்தேங்க. நல்லா இருந்துச்சு."

'நானும் போய்ப் பார்க்கிறேன் இருங்க' என்று ஒரு கமெண்ட் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதே ஆள்: 'அட ஆமா. ஆணி இருக்கு.'

கடுகு விடவில்லை. "சரி. படகுக்கு வருவோம். பதினோரு நிமிஷம். தாண்ட முடியாது. அவ மட்டும் பேசிக்கிட்டே வருவா, நமக்குப் பதில் சொல்ல வழியே இல்ல. விளையாட்டுன்னா ஆடறவன் ஏதாவது செய்யணும். கையைக் கட்டி உட்கார வைக்கிறது எந்த ஊர் விளையாட்டு? இதுக்கு என்ன சொல்றீங்க?"

மெக்கானிக் வலது முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"அந்தப் படகுல நான் இருபத்திமூணு தடவை ஏறியிருக்கேன்."

"எதுக்கு?"

அவர் விளக்கைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்துப் பேசினார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கட்டடத்துல, லிஃப்டுக்கு அடியில இருக்கிற குழிக்குள்ள மாட்டிக்கிட்டேன். கால் நசுங்கிடுச்சு. கதவு நாலு விரல் அளவுக்கு மேல திறக்கல. அறுக்கிற மெஷின் வர மூணு மணி நேரம் ஆச்சு. வாயெல்லாம் தூசி. நாக்கு எழும்பல. சத்தம் மட்டும் கேட்டுது. ஆம்புலன்ஸ்ல வந்தவர் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னார், 'பேசிக்கிட்டே இருங்கம்மா, தூங்க விட்டுடாதீங்க'ன்னு."

'எந்தப் பொண்ணு?' என்று கமெண்டில் யாரோ கேட்டார்கள். கடுகு கேட்கவில்லை. அந்த வருடம் அவன் வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்து, கட்டுப் போட்ட காலைத்தான் அவன் வந்து பார்த்தான்.

"மூணு மணி நேரம் தரையில உட்கார்ந்து அந்தச் சந்து வழியா பேசினா. என்ன பேசறதுன்னு தெரியாம என்னென்னமோ பேசினா. எதிர்வீட்டுக்காரி நாய் வாங்கியிருக்கா, அது குரைக்கவே மாட்டேங்குது, அதுக்கும் சேர்த்து இவளே குரைக்கிறான்னு சொன்னா."

கடுகு நிமிர்ந்து பார்த்தான். படகுக்காரி சொல்லும் முதல் கதை அந்த நாய்க் கதைதான். அதைக் கிண்டல் செய்து தன் வீடியோவில் ஒன்றரை நிமிடம் பேசியிருந்தான் அவன்.

"நடுநடுவுல 'வந்துட்டாங்க, வந்துட்டாங்க, இன்னும் கொஞ்சம்தான்'னு சொல்லிக்கிட்டே இருந்தா. யாரும் வரல. பொய். எனக்கும் பொய்னு தெரியும். அந்தப் பொய்யைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் முழிச்சுக்கிட்டு இருந்தேன். பதில் சொல்ல எனக்கு ஒரு பொத்தான் இல்ல. கேட்டுக்கிட்டு மட்டும்தான் இருக்க முடிஞ்சுது." அவர் காலை நீட்டிக்கொண்டார். "நான் மயக்கத்துல இருந்தேன், எனக்கு எதுவும் கேட்கலன்னுதான் இன்னிக்கு வரைக்கும் அவ நினைச்சுக்கிட்டு இருக்கா. எல்லாமே கேட்டுச்சு. இதைத்தான் சொல்ல வந்தேன். பதினோரு நிமிஷம் அதிகமா குறைவான்னு எனக்குத் தெரியாது. அந்தப் படகுல ஏறினா நான் கரை சேர்ந்துட்டேன்னு தெரியும். அவ்வளவுதான்."

கடுகு கமெண்டுகளின் பக்கம் திரும்பினான். அவை தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. எல்லாமே மாறிவிடவில்லை. 'சென்டிமென்ட் வேண்டாம், குதிரையைச் சரி பண்ணுங்க' என்று ஒருவர். 'அது உங்க கதை, என் நேரம் ஏன் போகணும்?' என்று இன்னொருவர். ஆனால் நடுவே ஒன்று வந்தது: 'கையை உடைக்கணும்னு எழுதினது நான்தான். அழிச்சுட்டேன். மன்னிச்சிடுங்க அங்கிள்.'

மனைவி வீட்டுக்கு வந்தபோது மணி எட்டு. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். மெக்கானிக் தட்டுகளைத் துடைத்து மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க லைவை மீட்டிங் ரூம்ல பெரிய திரையில போட்டாங்க," என்றாள். "முப்பது பேர் பார்த்தோம். பாலத்துக்கு ஆணி அடிச்ச பொண்ணு என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா. அழுதுட்டா. அந்த ஆணியைப் பத்தி ஒருத்தர் பேசினது அதுதான் முதல் தடவையாம்."

"படகு?"

அவள் கேட்டது வேறு. "அன்னிக்கு உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எல்லாமுமா?"

"நாய்க் கதையை ரெண்டு தடவை சொன்ன."

சிரிப்பும் அழுகையும் ஒரே சமயத்தில் முட்டிக்கொண்டு வந்ததில் அவளுக்கு இரண்டுமே சரியாக வரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த விபத்து நடந்த அன்று காலையில் இருவருக்கும் சண்டை. "உங்களோட பேசறதும் சுவரோட பேசறதும் ஒண்ணுதான்" என்று கத்திவிட்டுப் போனவள், மத்தியானம் செய்தி கேட்டு ஓடி வந்து நாலு விரல் சந்தில் வாயை வைத்து, சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டாள். இதுவரை சொல்லாததையெல்லாம் சொன்னாள். அவர் மயக்கத்தில் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் பாதியைச் சொன்னாள்.

"ரெண்டு வருஷமா ஏன் சொல்லலை?"

"கேட்டுச்சுன்னு தெரிஞ்சா நீ கூச்சப்படுவேன்னு நினைச்சேன்." அவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "சுவருக்கும் காது இருக்கும்னு சொல்வாங்கள்ல."

அவள் இந்தத் தடவை நன்றாகவே சிரித்தாள்.

"நன்றின்னு ஒரு வார்த்தை அன்னிக்கே சொல்லியிருக்கணும்," என்றார் அவர். "நாக்கு எழும்பல. அப்புறம் எழும்பினப்ப எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

"ஊருக்கே சொல்லி ஆரம்பிச்சிருக்கீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "படகு இருக்கும். ஆனா வேண்டாம்ங்கறவங்க தாண்டிப் போறதுக்கு வழியும் வைக்கப் போறோம். அதை நான்தான் கேட்டேன். ஒரு நர்ஸ் எழுதியிருந்தாங்க. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்தான் ஆட முடியுமாம், அதுல பதினோரு நிமிஷம் படகுலயே போயிடுதாம். அவங்க சொல்றதும் நியாயம்தானே?"

"நியாயம்தான்."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவள் நேரே தம்பியின் அறைக் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. கடுகு தலை குனிந்து நின்றான். "அக்கா, அந்த நாய் விஷயம்... எனக்குத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சிருந்தா?"

அவன் நேர்மையாக யோசித்தான். "அப்பவும் பதினோரு நிமிஷம் அதிகம்னுதான் சொல்லியிருப்பேன். கிண்டல் பண்ணியிருக்க மாட்டேன்."

"சரி. அதை விடு. முப்பத்தெட்டாவது நிமிஷத்துல ஒண்ணு சொல்லியிருக்கியே. மழை பெய்யறப்ப குதிரையோட படகுல இருந்து இறங்கினா, அந்த நேரம் சேவ் ஆனா எல்லாம் அழிஞ்சுடுதுன்னு. எத்தனை தடவை செஞ்சு பார்த்த?"

"மூணு தடவை. மூணு தடவையும் போச்சு. ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கேன்." சட்டென்று நிமிர்ந்தான். "ஒன்பது நாள் கழிச்சா கேட்கற?"

"இன்னிக்குத்தான் உன் வீடியோவை முழுசா பார்த்தேன்."

"அப்ப இத்தனை நாளா பார்க்காமலேயா என்கிட்ட பேசாம இருந்த?"

"தலைப்பைப் பார்த்துட்டு மூடிட்டேன்." அவள் முகம் சிவந்தது. "நாங்க இருபது பேர் ஆறு வாரமா அந்தப் பிழையைத் தேடறோம்டா. எங்க கையில மாட்டவே இல்ல. அது எங்க ஒளிஞ்சிருக்குன்னு நீ அட்ரஸோட சொல்லியிருக்க. என் ஆத்துல இருந்திருக்கு. என் படகுல." அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அந்தக் கையாலேயே தடவியும் விட்டாள். "ரொம்ப தேங்க்ஸ்டா. எழுபது குறையில அறுபது சரியாத்தான் இருக்கு. மிச்சப் பத்துக்கு அப்புறம் சண்டை போடறேன். நாளைக்குக் காலையில ரெக்கார்டை எடுத்துக்கிட்டு என்னோட ஆபீஸுக்கு வா. நேர்லயே செஞ்சு காட்டு."

மெக்கானிக் மூன்றாவது தட்டை மேசையில் வைத்தார். ஒன்பது நாளாக அந்த வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு தட்டுக்கு மேல் வைத்ததில்லை. சாப்பிடுவதற்கு முன்பே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது அவருக்கு.

கடுகு மட்டும் அசையவில்லை.

"வர முடியாதுக்கா."

"ஏன், இன்னும் கோபமா?"

பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் புருவம் நெருங்கியது. அவளுடைய நிறுவனத்தின் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ். 'ஏழு கரை, எழுபது குறை' வீடியோவை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். தவறினால் நிறுவனத்தின் பெயருக்கு ஏற்பட்ட களங்கத்துக்காக வழக்கு.

"இதைப் பத்தி எனக்கு எதுவும் தெரியாதுடா. சத்தியமா."

"தெரியும்க்கா. உனக்குக் கோபம் வந்தா நீயே வந்து அடிப்ப. வக்கீலை அனுப்ப மாட்ட."

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். அனுப்பிய நேரம் மூன்று மணி பத்து நிமிடம்.

"நாலு மணிக்குத்தானே லைவ்?" என்றார் மெதுவாக. "அப்ப இது உன் கையில இருந்துச்சா?"

கடுகு தோளைக் குலுக்கினான்.

"இதை அங்க காட்டியிருந்தா இன்னும் பத்து லட்சம் பேர் பார்த்திருப்பாங்களேடா. ஏன் காட்டலை?"

"காட்டியிருந்தா எல்லாரும் இதைத்தான் மாமா பேசியிருப்பாங்க. நீங்க சொன்னதை ஒருத்தர்கூடக் கேட்டிருக்க மாட்டாங்க."

எதிராளி பேசுவதற்காகத் தன் கையில் இருந்த துருப்புச் சீட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை, ஊர் வாய்த்துடுக்குக்காரன் என்கிறது. மெக்கானிக் மச்சானின் தோளில் கை வைத்தார்.

மேசையில் மனைவியின் போன் அடித்தது. திரையில் 'ஆபீஸ் – தலைவர்' என்று மின்னியது.

"எடுக்காதக்கா," என்றான் கடுகு. "இன்னிக்கு ஒரு நாளாவது நிம்மதியா சாப்பிடு. என்னால உன் வேலைக்கு..."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து, மூன்றாவது தட்டுக்கு முன்னால் உட்கார வைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"சொல்லுங்க சார். என் தம்பி பக்கத்துலதான் இருக்கான். அவனும் கேட்கட்டும், ஸ்பீக்கர்ல போடறேன்."